டர்பனில் அமைதி–மோதல் ஆய்வில் முதுகலை, நடுவே வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: முழுமையான வழிகாட்டி

“அமைதியைப் போய் யாராவது காலேஜில் படிப்பாங்களா?” இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. டர்பனில் இருப்பவர்களும் கேட்டார்கள், திருநெல்வேலியில் இருப்பவர்களும் கேட்டார்கள். நான் படித்து முடித்து, நடுவில் ஒரு செமஸ்டர் சுவீடனுக்கும் போய்விட்டு வந்தாயிற்று. இப்போது டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறேன். அங்கே வருடத்துக்கு ஒருவராவது இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தப் படிப்பில் இடம் கிடைப்பது பெரிய பாடு இல்லை. வெளிநாட்டுச் செமஸ்டர் கிடைப்பதும் நினைப்பதுபோல அவ்வளவு கஷ்டமில்லை. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் பொருத்துவதில்தான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். நானும் கவிழ்ந்தேன். அதனால் நாட்காட்டி, கிரெடிட், நெறிமுறை அனுமதி இந்த மூன்றையும் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். மற்றதெல்லாம் வேகமாகப் போய்விடும்.

முதலில், இது என்ன படிப்பு?

சண்டை ஏன் தொடங்குகிறது, எப்படி நிற்கிறது, நின்ற பிறகு மறுபடி ஏன் வெடிக்கிறது என்பதை ஆராயும் துறை. நார்வேயின் யோஹான் கால்துங் 1959இல் ஓஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1971இல் இதற்கென்று துறை வந்தது, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1973இல் வந்தது. துப்பாக்கிச் சத்தம் நின்றுவிட்டால் அது வெறும் ‘எதிர்மறை அமைதி’, அநியாயமும் நீங்கினால்தான் ‘நேர்மறை அமைதி’ என்று கால்துங் பிரித்தார். அடிக்கிற கை கண்ணுக்குத் தெரியாமல் சட்டமும் அமைப்புமே ஆளை நசுக்குவதைக் ‘கட்டமைப்பு வன்முறை’ என்றார். முதல் மாதத்திலேயே இவை மனப்பாடம் ஆகிவிடும், புரிவதற்குத்தான் நாளாகும்.

டர்பன்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாடப்புத்தகத்தில் வருவது பாதி நம் தெருவிலேயே நடந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ‘ட்ரூரோ’ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து கணக்கு ஆரம்பிக்கிறது. காந்தி 1904இல் அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பு இங்கேதான் இருக்கிறது. 1985 ஆகஸ்டில் இனாண்டா கலவரத்தில் அது எரிந்ததும் இங்கேதான். ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த 1949 ஜனவரிக் கலவரத்தில் அரசுக் கணக்கின்படி 142 பேர் செத்தார்கள். 80களிலும் 90களின் தொடக்கத்திலும் சூலு மக்களின் கட்சியான இன்காட்டாவுக்கும் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தரப்புக்கும் நடந்த ரத்தக்களரி இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணத்தில்தான் மோசமாக இருந்தது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸ் பகுதியில் 30க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறோம். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அந்தக் குரலைக் கொஞ்சம் உயர்த்தத் தயாராக இருக்க வேண்டும்.

எங்கே சேர்வது

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் மோதல் மாற்றமும் அமைதியும் பற்றிய முதுகலைப் படிப்பு இருக்கிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அகிம்சைக்கான சர்வதேச மையமும், அமைதி கட்டமைப்பு ஆய்வும் உண்டு. அங்கே வகுப்பை விடச் செயல்வழி ஆராய்ச்சிக்குத்தான் அழுத்தம். அதாவது ஒரு பிரச்சினையை ஆராய்வதோடு நிற்காமல், ஒரு சின்னத் தலையீட்டைச் செய்துபார்த்து அதன் விளைவையும் எழுத வேண்டும். டர்பனுக்கு வெளியே போக முடியுமென்றால் கெபெர்ஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்) நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1992இல் வாசு கவுண்டன் தொடங்கிய ‘அக்கார்ட்’ அமைப்பு பட்டம் தரும் இடமல்ல. ஆனால் இங்கே படிக்கிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இடம். அவர்கள் வெளியிடும் ஆப்பிரிக்க மோதல் தீர்வு ஆய்விதழை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் படிக்கட்டு கொஞ்சம் வித்தியாசம். பி.ஏ. மூன்று வருடம், அப்புறம் ஆனர்ஸ் ஒரு வருடம், அதற்குப் பிறகுதான் மாஸ்டர்ஸ். தமிழ்நாட்டிலிருந்து மூன்றாண்டு பி.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பொதுவாக நேரே மாஸ்டர்ஸ் கிடைக்காது. ஆனர்ஸ் படிக்கச் சொல்வார்கள். இந்திய எம்.ஏ. இருந்தால் பேச இடமுண்டு. வெளிநாட்டுப் பட்டத்தை, கல்வித் தகுதிகளை மதிப்பிடும் தென்னாப்பிரிக்க அமைப்பான ‘சாக்வா’விடம் கொடுத்து மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், அதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான இடம் வருகிறது. மாஸ்டர்ஸ் இரண்டு வகை: வகுப்பும் ஆய்வேடும் கலந்தது ஒன்று, முழுக்க ஆய்வேடு மட்டும் இன்னொன்று. செமஸ்டர் வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் முதல் வகையையே எடுங்கள். முழு ஆய்வேட்டு வகையில் ஈடுகட்டப் பாடமே இருக்காது. அங்கே நீங்கள் எடுக்கும் கிரெடிட்டை இங்கே எதற்கு எதிராக வைப்பது?

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மாணவர் விசா பற்றிச் சுருக்கமாக. சேர்க்கைக் கடிதம், பணம் இருப்பதற்கான ஆதாரம், காவல்துறைச் சான்று, மருத்துவ அறிக்கை ஆகியவை வேண்டும். மருத்துவக் காப்பீடு தென்னாப்பிரிக்காவில் பதிவுபெற்ற திட்டமாக இருக்க வேண்டும், பயணக் காப்பீட்டைக் காட்டினால் செல்லாது. இந்த விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். மொரிஷியஸ் தமிழர்களுக்கு ஒரு நல்ல சேதி: மொரிஷியஸ் தெற்கு ஆப்பிரிக்க வட்டார நாடுகளின் கூட்டமைப்பில் (SADC) இருப்பதால் கல்விக் கட்டணம் மற்ற வெளிநாட்டவரை விடக் குறைவு. பக்கத்துத் தீவான ரியூனியன் பிரான்சின் பகுதி என்பதால் அவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

கேள்வி முன்னால், நாடு பின்னால்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். “சுவீடன் போகணும், அப்புறம் தலைப்பு பார்த்துக்கலாம்” என்கிறார்கள். எந்த ஊர் உங்களுக்கு உதவும் என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது.

எண்ணிக்கையோடு வேலை செய்யும் கேள்வியா, உப்சாலா. அங்கே நடத்தப்படும் மோதல் தரவுத்திட்டம் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது. மத்தியஸ்தம், சமாதானப் பேச்சு பற்றியதா, ஓஸ்லோவையோ பின்லாந்தின் தம்பெரேவையோ பாருங்கள். பூர்வகுடிகள், சாதாரண மக்களிடையே மனமாற்றம் என்று போனால் நார்வேயின் வடகோடியில் துரோம்சோ இருக்கிறது. கோஸ்டாரிகாவில் ஐ.நா. பொதுச்சபை 1980இல் நிறுவிய அமைதிப் பல்கலைக்கழகமும் உண்டு.

தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் தனியாகச் சொல்வது ஒன்று. தமிழர் என்பதற்காகவே இலங்கைப் போரை எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 2002 போர்நிறுத்தத்தில் நார்வேயின் பங்கு, பின்னாளில் அதிபரான ராமபோசா 2014இல் தென்னாப்பிரிக்காவின் சிறப்புத் தூதராகக் கொழும்பு போனது, நிறவெறி ஆட்சிக்குப் பிறகு இங்கே அமைந்த உண்மை ஆணைக்குழுவை மாதிரியாகக் காட்டி அங்கே நடந்த பேச்சு என்று டர்பனிலிருந்து பார்க்க நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே மனதில் முடிவு இருந்தால் ஆய்வேடு துண்டறிக்கை ஆகிவிடும். நான் என் பக்கத்து வீட்டிலிருந்தே தொடங்கினேன்: கேட்டோ மேனர் பகுதியில் இருந்து வந்த தமிழ் மூதாட்டிகள் 1949ஐ எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

பணம்

வெளிநாட்டுச் செமஸ்டருக்கு இரண்டு வாசல்கள். உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் கட்டணத்தை இங்கேயே கட்டுவீர்கள், அங்கே கட்ட வேண்டாம். ஒப்பந்தம் இல்லாமல் தனியாகப் போனால் முழுக் கட்டணம். சுவீடன் 2011 முதலும், பின்லாந்து 2017 முதலும், நார்வே 2023 முதலும் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. “நார்வேயில் படிப்பு இலவசம்” என்று மாமா சொன்னால், அது பழைய கதை.

ஒப்பந்தத்தோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகையும் சேர்ந்தால் கவலையே இல்லை. போகிற நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோவும் பயணப்படியும் கிடைக்கும். ஆனால் இதற்கு மாணவர் நேரே விண்ணப்பிக்க முடியாது, உங்கள் பல்கலைக்கழகம்தான் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே சர்வதேச உறவு அலுவலகத்துக்கு முதல் வாரமே போய், ‘நம் துறைக்கு இப்போது உயிரோடு இருக்கும் ஒப்பந்தங்கள் எவை’ என்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலை நம்ப வேண்டாம். காலாவதியானவையும் அதில் இருக்கும்.

நாட்காட்டிச் சிக்கல்

இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. முதல் செமஸ்டர் ஜூன் வரை, இரண்டாவது ஜூலையிலிருந்து. சுவீடனில் இலையுதிர்காலச் செமஸ்டர் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜனவரி நடுவில் முடியும். வசந்தகாலம் ஜனவரி நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. ஜெர்மனியில் குளிர்காலச் செமஸ்டர் அக்டோபரில்தான் ஆரம்பிக்கிறது, வகுப்புகள் பிப்ரவரி வரை இழுக்கும். கோடைச் செமஸ்டரோ ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. ஜெர்மனி போனால் இங்கே ஏதோ ஒரு செமஸ்டரை நடுவில் வெட்ட வேண்டியிருக்கும். அதனால் நம் மாஸ்டர்ஸுக்கு வடக்கு ஐரோப்பாவே பொருந்தும்.

என் யோசனை: முதல் வருடத்தின் இரண்டாவது செமஸ்டரில் போங்கள். முதல் செமஸ்டரில் கட்டாயப் பாடங்களை முடித்துவிட்டு, விருப்பப் பாடங்களை அங்கே எடுங்கள். ஜூலையும் ஆகஸ்டும் கையில் மிஞ்சும். அந்த எட்டு வாரம் பொன், ஏன் என்று கீழே சொல்கிறேன். ஜனவரி நடுவில் திரும்பினால் பிப்ரவரிப் பதிவுக்கு நேரம் சரியாக இருக்கும்.

ஆனால் ஆகஸ்டில் போக வேண்டுமானால் இங்கிருந்து பெயரைப் பரிந்துரைப்பது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலேயே நடந்துவிடும். நீங்கள் சேர்வதோ பிப்ரவரியில். ஆகவே இந்தப் பேச்சை ஆனர்ஸ் படிக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

கிரெடிட் கணக்கு

இங்கே கோட்டை விட்டால் ஒரு செமஸ்டர் வீண். தென்னாப்பிரிக்க மாஸ்டர்ஸ் குறைந்தது 180 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒன்று 25 முதல் 30 மணி நேரம். மணிக்கணக்கில் பார்த்தால் அங்கே ஒரு செமஸ்டர் இங்கே 75 முதல் 90 கிரெடிட். ஆனால் சில அலுவலகங்கள் வருடக் கணக்கு போடும்: அங்கே வருடத்துக்கு 60, இங்கே 120, ஆகவே இரண்டால் பெருக்கு, 60 கிரெடிட் என்பார்கள். இரண்டு கணக்குக்கும் இடையே 15 முதல் 30 கிரெடிட் காணாமல் போகிறது. அது ஏறக்குறைய ஒரு பாடம்.

கிளம்புவதற்கு முன்பே எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு, எந்த விகிதம் என்பதை எழுத்தில் வாங்கி, துறைத் தலைவரின் கையெழுத்தும் வாங்குங்கள். “வந்ததும் பார்த்துக்கலாம்பா” என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் நகராதீர்கள். வந்ததும் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

நெறிமுறை அனுமதி: விமானம் ஏறுவதற்கு முன்

மனிதர்களிடம் பேசி ஆய்வு செய்ய வேண்டுமென்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு பேட்டிகூட எடுக்கக் கூடாது. எடுத்த பிறகு கேட்டால் தர மாட்டார்கள், அந்தப் பதிவுகளை ஆய்வேட்டில் பயன்படுத்தவும் முடியாது. நான் “சுவீடனில் உட்கார்ந்து நிதானமாக விண்ணப்பிக்கலாம்” என்று போனேன். குழு மூன்று கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியது. மூன்றுக்கும் பதில் டர்பனில்தான் இருந்தது.

முதல் கேள்வி, எந்த வழியாக இந்த மூதாட்டிகளைச் சந்திப்பாய்? கோயில் வழியாக என்றால் கோயில் கமிட்டியின் சம்மதக் கடிதம் எங்கே? இதை இங்கே ‘கேட்கீப்பர் கடிதம்’ என்பார்கள். எங்கள் கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும். இரண்டாவது, பேசும்போது அவர்கள் உடைந்து அழுதால் யாரிடம் அனுப்புவாய்? இலவசமாகப் பார்க்க ஒப்புக்கொண்ட மனநல ஆலோசகரின் கடிதம் வேண்டும். மூன்றாவது, ஒப்புதல் படிவம் எந்த மொழியில்? நான் பெருமையாகத் தமிழில் எழுதியிருந்தேன். ஆனால் இங்குள்ள பல ஆயாக்கள் தமிழ் பேசுவார்கள், எழுத்து படிக்க மாட்டார்கள். ஆங்கிலப் படிவமும், அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லி ஒலிப்பதிவு செய்வதும்தான் கடைசியில் சரிப்பட்டது. இந்த மூன்றுக்கும் சேர்த்து எனக்கு நான்கு மாதம் போனது. ஜூலை, ஆகஸ்ட் பொன் என்றது இதற்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. பதிவுகளை மடிக்கணினியில் போட்டு வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால், தனிநபர் தகவல்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவது பற்றித் தென்னாப்பிரிக்காவின் ‘பொப்பியா’ சட்டம் சொல்வது உங்களையும் தொடும். எங்கே சேமிப்பீர்கள், யார் திறக்க முடியும் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

பயணக் காகிதங்கள்

மூன்று மாதத்துக்கு மேல் சுவீடனில் தங்க, விசாவுக்குப் பதிலாக வசிப்பு அனுமதி வேண்டும். மாதம் பத்தாயிரம் குரோனருக்கு மேல் கையிருப்பு காட்ட வேண்டும். துல்லியமான தொகை வருடா வருடம் மாறுவதால் அவர்களுடைய குடிவரவுத் துறைத் தளத்தில் பாருங்கள். கைரேகைக்குப் பிரிட்டோரியா போய் வரும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்கள் தென்னாப்பிரிக்க விசா எந்தத் தேதியில் முடிகிறது? என்னுடையது டிசம்பர் 31. சுவீடன் செமஸ்டரோ ஜனவரி நடுவில்தான் முடிகிறது. இதை நான் கண்டுபிடித்தது நவம்பரில், துணி துவைக்கும் அறையில் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. விசா முடிந்துவிட்டால் இந்தியாவுக்குப் போய் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான். கடைசிப் பாடத்தின் கட்டுரையை டர்பனிலிருந்து அனுப்ப ஆசிரியர் இரக்கப்பட்டு அனுமதித்ததால் டிசம்பரிலேயே ஓடி வந்தேன்.

அங்கே போனதும்

சுவீடனில் பாடங்களை இணையாக நடத்துவதை விட ஒன்றன்பின் ஒன்றாக நடத்துவதுதான் வழக்கம். ஐந்து வாரம் ஒரு பாடம், அது முடிந்ததும் அடுத்தது. வகுப்பு நேரம் குறைவு, வாசிப்பு மலையளவு. தேர்வு பல சமயம் வீட்டிலிருந்தே எழுதும் கட்டுரை, ‘ஹெம்தென்டா’ என்பார்கள். பேராசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதல் மாதம் எனக்கு வாய் வரவில்லை, எப்படியாவது பேரைத் தவிர்த்தே பேசினேன்.

ஒரு வருடத்துக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்குச் சுவீடனின் தனிநபர் எண் கிடைக்காது. அது இல்லாமல் வங்கிக் கணக்கு பெரும்பாடு. நோட்டையும் பல கடைகள் வாங்காது. வெளிநாட்டிலும் செல்லும் வங்கி அட்டை இரண்டு கொண்டுபோங்கள். டிசம்பரில் மதியம் மூன்று மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், டர்பன் உடம்பு அதற்குப் பழக நாளாகும்.

அங்கே எனக்குக் கிடைத்த பெரிய பாடம் உப்சாலா தரவு வகுப்பில் கிடைத்தது. ஒரு வருடத்தில் குறைந்தது 25 சாவு இருந்தால்தான் அது அவர்கள் பட்டியலில் மோதல், 1000 தாண்டினால் போர். இரு தரப்பும் அடையாளம் காணக்கூடிய அமைப்பாக இருக்க வேண்டும். அரசு சம்பந்தப்படாத மோதல்களுக்கான தரவு 1989இலிருந்துதான் தொடங்குகிறது. நான் 1949ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 142 சாவு, ஆனால் அமைப்பு இல்லை, கொடி இல்லை, வருடமும் பட்டியலுக்கு முந்தியது. பீனிக்ஸ் 2021? தெருமுனையில் தடுப்புப் போட்டு நின்ற அண்டை வீட்டுக்காரர்களை எந்தப் பெட்டியில் போடுவது? வகுப்பில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. அந்த வாதமே என் ஆய்வேட்டின் இரண்டாவது அத்தியாயம் ஆனது. இதற்காகவாவது போய்ப் பார்க்கலாம். டர்பனில் நாங்கள் கதை கேட்கப் பழகியவர்கள், எண்ணப் பழகாதவர்கள். அங்கே அதற்கு நேர் எதிர்.

திரும்பி வந்த பிறகு

மதிப்பெண் சான்று தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். கிளம்புவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். பிப்ரவரிப் பதிவுக்கு முன்னால், கையெழுத்தான அந்தக் கிரெடிட் காகிதத்தோடு சேர்த்து நீட்டுங்கள்.

வேலை பற்றியும் கேட்பீர்கள். அமைதித் துறையில் ‘அமைதி அதிகாரி’ என்று நிறைய இடம் காலியாக இல்லை. தொண்டு நிறுவனங்கள், மனித உரிமை ஆணைக்குழு போன்ற அரசு அமைப்புகள், உள்ளாட்சி, தொழில் தகராறு மத்தியஸ்தம், ஆசிரியப் பணி என்று பிரிந்து போகிறார்கள். என் வகுப்பில் ஒருத்தி நிறுவனங்களுக்குத் தொழிலாளர் தகராறு தீர்க்கப் போய் எங்கள் எல்லோரையும் விட நன்றாகச் சம்பாதிக்கிறாள்.

பேட்டிகளுக்கு வருகிறேன். அனுமதி கிடைத்ததும் முதலில் உட்கார்ந்தது சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு ஆயாவிடம். 1949இல் அவருக்கு எட்டு வயது. கலவரத்தைப் பற்றிக் கேட்டேன், நான்கு நிமிடம் சொன்னார். அப்புறம் கேட்காமலே, நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் வீட்டைக் காலி செய்து லாரியில் ஏற்றிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய கதைக்குப் போய்விட்டார். பதிவில் அது நாற்பது நிமிடம். நான் மறுபடி மறுபடி கலவரத்துக்கு இழுக்க, அவர் மறுபடி மறுபடி லாரிக்கே போனார். அன்று எரிச்சலாக இருந்தது. எழுத்தாக்கும்போதுதான் ‘கட்டமைப்பு வன்முறை’ என்ற சொல்லுக்கு இவ்வளவு நேரமாக உதாரணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் என்று உறைத்தது. தலைப்பையே மாற்றினேன்.

எழுத்தாக்கியதைப் பேசியவரிடம் திரும்பக் காட்டுவதும் ஒரு படிதான், அதை விட்டுவிடாதீர்கள். நான் ஆயாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “பக்கத்து வீட்டு மாமரம்னு போட்டிருக்கியே தம்பி, அது எங்க மரம், மாத்து” என்றார். மாற்றிவிட்டுத்தான் சமர்ப்பித்தேன்.